கூகெல்: ஓய்வுநாள் அடுப்பில் பிறந்த உணவு

விடுதலைப் பயண நூலின் 35ஆம் அதிகாரத்தில், திருக்கூடாரப் பணிக்கான காணிக்கைகளைப் பற்றிய நீண்ட விவரங்கள் தொடங்குமுன், ஒரு சிறிய கட்டளை வருகின்றது. ஓய்வுநாளில் இஸ்ரயேலரின் குடியிருப்புகள் எதிலும் நெருப்பு மூட்டலாகாது என்பதே அது. நாம் அதனை வாசித்துவிட்டு அடுத்த வசனத்திற்குச் சென்று விடுகின்றோம். ஆனால் வெள்ளி மாலை கதிரவன் மறைவது முதல் சனி இரவு விண்மீன்கள் தோன்றுவது வரை குடும்பத்தார்க்கு உணவிட வேண்டிய ஒரு யூதத் தாய்க்கு, அந்த ஒற்றை வரி வாரந்தோறும் தீர்க்க வேண்டிய ஒரு கணக்கு. ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பெற்ற மிஷ்னா என்னும் நூல் ஓய்வுநாளில் விலக்கப்பட்ட வேலைகளாக 39 வகைகளைக் குறிப்பிடுகின்றது. நெருப்பு மூட்டுவதும், அணைப்பதும், சமைப்பதும் அவற்றுள் அடங்கும். இந்தத் தடைகளுக்கு நடுவிலிருந்து ஓர் உணவு மரபே பிறந்தது. அம்மரபின் எளிய பிள்ளையாகிய உருளைக்கிழங்குக் கூகெலைப் பற்றியே இங்கு எழுத விரும்புகின்றேன்.

ஓய்வுநாளில் குளிர்ந்த உணவை உண்டுவிட்டுப் போகலாமே என்று நமக்குத் தோன்றலாம். அப்படியே எண்ணிய யூதர்களும் இருந்தார்கள். கி.பி. 8ஆம் நூற்றாண்டு முதல் பாபிலோனியாவில் வளரத் தொடங்கிய காராயர் என்னும் பிரிவினர், ரபிகளின் வாய்மொழி மரபை ஏற்காதவர்கள். அவர்களுள் பலர் நெருப்பு மூட்டுவது மட்டுமன்று, முன்னரே மூட்டிய நெருப்பு வீட்டில் எரிந்து கொண்டிருப்பதும் தவறு என்றனர். எனவே அவர்கள் ஓய்வுநாளை இருளிலும் குளிரிலும் கழித்தனர். ரபிகளோ வேறு விதமாக வாசித்தனர். எசாயா 58ஆம் அதிகாரம் ஓய்வுநாளை மகிழ்ச்சி என்று அழைக்கவில்லையா? வெள்ளி மாலைக்கு முன் மூட்டிய நெருப்பு தானே எரிந்து கொண்டிருக்கட்டும். அதன்மீது முன்னரே வைத்த உணவு தானே வெந்து கொண்டிருக்கட்டும் என்பது அவர்கள் முடிவு. நாளடைவில் ஓய்வுநாளில் சூடான உணவு உண்பது ஒரு விசுவாச அறிக்கையாகவே மாறிற்று. 12ஆம் நூற்றாண்டில் தென் பிரான்சில் வாழ்ந்த செரகியா ஹலேவி என்னும் அறிஞர், அன்று சூடாக உண்ண மறுப்பவனைத் தப்பறைக்காரனோ என்று ஐயுறலாம் எனும் அளவுக்குச் சென்றார். திருச்சபை வரலாற்றில் புளித்த அப்பமா புளியாத அப்பமா என்று கிழக்கும் மேற்கும் மோதிக்கொண்டதை அறிந்த நமக்கு, ஒரு பானைச் சூட்டைப் பற்றி எழுந்த இந்தப் பூசல் வியப்பளிக்க வேண்டியதில்லை.

தல்மூது நூலில் இதையொட்டி ஒரு சுவையான அளவுகோல் உண்டு. பென் துரோசாய் என்று ஒரு கொள்ளைக்காரன் இருந்தானாம். எந்நேரமும் பிடிபடும் அச்சத்தில் வாழ்ந்ததால், இறைச்சி முழுமையாக வேகும்வரை காத்திருக்க அவனுக்குப் பொறுமை இராது. மூன்றில் ஒரு பங்கு வெந்ததும் எடுத்து உண்டுவிடுவான். ஆகவே ஓய்வுநாள் தொடங்குமுன் ஓர் உணவு ‘பென் துரோசாய் உண்ணும் பதத்தை’ அடைந்திருக்குமானால், அதை உண்ணத்தக்க உணவாகவே கருதி, சில ஏற்பாடுகளுடன் அடுப்பின்மேல் விட்டு வைக்கலாம் என்றனர் ரபிகள். மூன்றில் ஒரு பங்கா, பாதியா என்பதில் பிற்கால உரையாசிரியர்கள் வேறுபட்டார்கள். ஒரு திருடனின் அவசரம் புனித நாளின் சட்டத்திற்கு அளவுகோலாகிய கதையை நான் வேறெங்கும் படித்ததில்லை.

இவ்வாறு இரவெல்லாம் வேகும் பானைக்கு ஐரோப்பிய யூதர் சோலென்ட் என்று பெயரிட்டனர். 13ஆம் நூற்றாண்டில் வியன்னாவின் ரபி ஈசாக்கு தம் நூலில் இதனைக் குறிப்பிட்டுள்ளார். அவரை, தானியம், கிடைத்தால் கொஞ்சம் இறைச்சி ஆகியவற்றைப் பானையிலிட்டு, மூடியின் விளிம்பை மாவினால் பூசி அடைத்து, வெள்ளிப் பிற்பகலில் ஊர் ரொட்டிக்காரரின் பெரிய அடுப்புக்கு எடுத்துச் செல்வார்கள். ரொட்டி சுட்டு முடித்த அடுப்பின் செங்கற்களில் தேங்கிய வெப்பமே இரவு முழுதும் போதுமானது. மறுநாள் தொழுகைக்கூடத்தில் செபம் முடிந்ததும் பானைகள் வீடு திரும்பும்.

இந்தப் பானைக்குள்தான் கூகெல் பிறந்தது. ஜெர்மானிய நிலப்பகுதிகளில் வாழ்ந்த யூதப் பெண்கள் ரொட்டித் துண்டையும் மாவையும் கொழுப்போடு பிசைந்து, உருண்டையாக்கி, சோலென்ட் பானையின் நடுவில் வைத்தனர். சுற்றியிருந்த சாற்றை உறிஞ்சி அது உப்பிப் பெருத்தது. கூகெல் என்ற ஜெர்மன் சொல்லுக்கு உருண்டை அல்லது கோளம் என்பதே பொருள். (உருண்டு ஓடும் வடிவைக் கொண்டு உருளைக்கிழங்கு என்று பெயரிட்ட நம் முன்னோர்க்கு இப்பெயர் பிடித்திருக்கும்.) பின்னர் அந்த உருண்டையைத் தனியொரு சிறு மண்கலத்தில் இட்டுப் பானைக்குள் வைத்தனர், அதன்பின் அது பானையை விட்டே வெளியேறித் தனிப் பாத்திரத்தில் வேகலாயிற்று. சேமியா போன்ற மாவிழைகளும், அரிசியும், பழங்களும் அதில் இடம்பெற்றன. உருண்டை வடிவம் மறைந்து தட்டையான பணியாரமாகிய பிறகும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

கவிஞர் ஐன்ரிக் ஐனே 1825இல் லூத்தரன் சபையில் திருமுழுக்குப் பெற்றவர். அக்காலத்து ஜெர்மனியில் யூதனாக இருந்துகொண்டு பதவி பெறுவது அரிது என்பதே அதன் காரணம் என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் 1851இல், நோயுற்றுப் படுக்கையில் கிடந்தபோது வெளியிட்ட தொகுப்பில், ஓய்வுநாளை ஓர் இளவரசியாக உருவகித்து ஒரு கவிதை எழுதினார். அதில் ஓய்வுநாள் பானை உணவை விண்ணகத்தின் உணவாகப் புகழ்ந்து, அதன் செய்முறையை இறைவனே சீனாய் மலையில் மோசேக்குக் கற்பித்ததாகப் பாதி கேலியாகவும் பாதி ஏக்கமாகவும் பாடினார். மறையை விட்டுப் போனவருக்கும் நாவின் நினைவு விட்டுப் போகவில்லை.

இனி உருளைக்கிழங்குக்கு வருவோம். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைவாழ் மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பயிரிட்டு வந்த இக்கிழங்கை 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தனர். ஐரோப்பியர் அதை உடனே விரும்பி ஏற்கவில்லை. பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரடெரிக் 1756இல் அதைப் பயிரிடுமாறு ஆணை பிறப்பிக்க வேண்டியிருந்தது. இரஷ்யாவில் பேரரசி இரண்டாம் கத்தரீன் 1765இல் அதைப் பரப்ப முயன்றார். 1840களில்கூட உருளைக்கிழங்கு பயிரிடக் கட்டாயப்படுத்தியதை எதிர்த்து உழவர்கள் கலகம் செய்தனர். சாத்தானின் ஆப்பிள் என்று அதைப் பழித்தவர்களும் இருந்தனர். எனினும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் போலந்து, லித்துவேனியா, பெலாரூஸ், உக்ரைன் ஆகிய நாடுகளின் ஏழைகளுக்கு அதுவே அன்றாட உணவாயிற்று. அந்நிலங்களின் பெரும்பகுதி அப்போது இரஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. 1791 முதல் 1917 வரை யூதர்கள் குறிப்பிட்ட எல்லைக்குள் மட்டுமே குடியிருக்கலாம் என்ற சட்டமும் அங்கு நடைமுறையில் இருந்தது. நெருக்கடியான சிறு நகரங்களில், தையலும் தச்சும் சில்லறை வணிகமுமாகப் பிழைத்த அம்மக்களைக் கிழங்கே காத்தது. இத்திஷ் மொழியில் உருளைக்கிழங்குக்கு ஊருக்கொரு பெயர் உண்டு: புல்பெஸ், கார்டோபுல், எர்டெப்பல், பரபோலியெஸ். வாரத்தின் ஒவ்வொரு நாளையும் வரிசையாகச் சொல்லி, எல்லா நாளும் உருளைக்கிழங்கு என்றும், ஓய்வுநாளில் மட்டும் ஒரு மாறுதலாக உருளைக்கிழங்குக் கூகெல் என்றும் நகைக்கும் நாட்டுப்பாடல் ஒன்று இன்றும் அவர்களிடையே பாடப்படுகின்றது. ஆறு நாளும் தின்று சலித்த அதே கிழங்கைக் கொண்டே ஏழாம் நாளை வேறுபடுத்திக் காட்டினாள் அந்த ஏழைத் தாய். அவள் அதற்காகச் செலவிட்டது தன் உழைப்பை மட்டுமே.

அந்த உழைப்பு எத்தகையது என்பதைச் செய்முறையே சொல்லும். எட்டுப் பேருக்கு ஏறத்தாழ 2 கிலோ உருளைக்கிழங்கு வேண்டும். நீர் மிகுந்த புதுக்கிழங்கைவிட, மாவுப்பதமான பழைய கிழங்கே ஏற்றது. அதனுடன் பெரிய வெங்காயம் 2, முட்டை 6, எண்ணெய் 150 மில்லி லிட்டர், மூன்று சிறு கரண்டி உப்பு, ஒரு சிறு கரண்டி மிளகுத்தூள். வேறொன்றும் தேவையில்லை. முதலில் ஓவனைச் சூடேற்றி வைத்துவிட வேண்டும். ஏனெனில் துருவிய உருளைக்கிழங்கு காற்றுப் பட்டதும் சிறிது நேரத்தில் செந்நிறமாகிப் பின் கருத்துவிடும்; காத்திருக்க நேரமிராது. தோல் சீவிய கிழங்குகளைக் குளிர்ந்த நீரில் போட்டு வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துத் துருவியின் நுண்ணிய பக்கத்தில் துருவ வேண்டும். இடையிடையே வெங்காயத்தையும் துருவிச் சேர்த்தால் கிழங்கு கருப்பது குறையும். மிக்ஸியில் அரைத்தால் களியாகிவிடும். கையால் துருவிய கிழங்குக்கு உள்ள நார்ப்பதம் அதில் வராது. துருவலை மெல்லிய துணியில் அள்ளி ஒரு கிண்ணத்தின்மேல் பிழிந்து, அந்நீரை ஐந்து நிமிடம் அசையாமல் விட்டால், அடியில் வெண்மையான மாவு படியும். மேல்நீரை மெல்ல வடித்துவிட்டு, அந்த மாவைத் துருவலோடு மீண்டும் சேர்க்க வேண்டும். கூகெல் உதிராமல் நிற்பது அந்த மாவினால்தான்.

முட்டைகளை அடித்து, உப்பும் மிளகும் இட்டுத் துருவலுடன் கலந்து கொள்ளவும். எண்ணெயில் பாதியைக் கலவையிலும், மறு பாதியைக் கனமான உலோகத் தட்டிலும் ஊற்ற வேண்டும். தட்டை ஓவனுக்குள் வைத்து எண்ணெய் நன்கு காய்ந்ததும் எடுத்துக் கலவையை ஊற்றினால், ‘சுர்’ என்ற ஒலி எழ வேண்டும். ஒலி எழாவிட்டால் அடிப்பக்கம் மொறுமொறுப்பாக அமையாது. பின் 200 பாகை செல்சியசில் ஒரு மணி நேரம் முதல் ஒன்றேகால் மணி நேரம் வரை, மேற்புறம் ஆழ்ந்த பழுப்பு நிறமாகும்வரை சுட வேண்டும். வெள்ளி இரவு உண்பதற்கு இதுவே போதும். சனி நண்பகலுக்கு வேண்டுவோர், சுட்டெடுத்த கூகெலை இறுக மூடி, வெப்பத்தை 100 பாகைக்குக் குறைத்து, ஓய்வுநாள் தொடங்குமுன் உள்ளே வைத்து விடுவார்கள். காலையில் அது செம்பழுப்பாகி, கத்தி வைத்தால் வழுக்கும் மென்மை பெற்றிருக்கும். இரண்டு வகைக்கும் தனித்தனி ரசிகர்கள் உண்டு.

எங்கள் பங்கு இல்லத்தில் ஒருமுறை இதைச் செய்தபோது, சமையல் செய்யும் அம்மா பொறுமையாகத் துருவி முடித்துவிட்டு, “இவ்வளவு பாடுபட்டு வெறும் உப்பும் மிளகுந்தானா, சாமி?” என்று கேட்டார்கள். இரண்டு பச்சை மிளகாய் சேர்த்தால் நம் நாவுக்கு ஏற்றதாகும் என்பது அவர்கள் தீர்ப்பு. மிளகா சர்க்கரையா என்பதே ஐரோப்பிய யூதரிடையே பெரிய வழக்காக இருந்ததை நான் அவர்களுக்குச் சொன்னேன். லித்துவேனிய யூதர் மிளகின் பக்கம். சர்க்கரைக் கிழங்கு ஆலைகள் பெருகிய போலந்து, கலீசியப் பகுதி யூதர் இனிப்பின் பக்கம். பெயரைக்கூட லித்துவேனியர் ‘கூகெல்’ என்பார்கள். மற்றவர் ‘கீகெல்’ என்பார்கள்.

கொழுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் வேக வைக்காதே என்ற கட்டளையிலிருந்து, இறைச்சியையும் பால்பொருளையும் ஒரே உணவில் சேர்க்கலாகாது என்ற விதி விரிந்தது. ஓய்வுநாள் உணவில் இறைச்சி இருக்குமாதலால் அங்கே வெண்ணெய்க்கு இடமில்லை. பன்றிக் கொழுப்போ அறவே ஆகாது. குளிர்நாடுகளில் தாவர எண்ணெயும் அரிது. எனவே கோழியின் கொழுப்பையும், பெருவாத்தின் கொழுப்பையும் உருக்கிச் சாடிகளில் சேமித்தனர். பாஸ்காக் காலத்தில் உருளைக்கிழங்கின் மதிப்பு இன்னும் உயரும். புளித்த மாவுப்பொருள் எதுவும் அவ்வெட்டு நாள் வீட்டிலிருக்கக் கூடாது. அஷ்கனாசி யூதர் அரிசியையும் பருப்பு வகைகளையும்கூட விலக்கி வந்தனர். கிழங்குக்குத் தடையில்லை.

இதை உண்ணுமுன் எந்த ஆசிமொழியைச் சொல்வது என்பதிலும் ஒரு வழக்கு உண்டு. நிலத்தில் விளைந்ததற்கு ஓர் ஆசிமொழி. வடிவு மாறி அடையாளம் இழந்த உணவுக்கு வேறொன்று. துருவிய கிழங்கு இன்னும் கிழங்குதானா? பெரும்பாலோர் ஆம் என்பர். சிலர் இல்லை என்பர். நம் திருப்பலியில் அப்பத்தையும் இரசத்தையும் ஒப்புக்கொடுக்கும்போது குரு சொல்லும் செபம், நிலத்தின் விளைவையும் மனித உழைப்பையும் சேர்த்து ஆண்டவரைப் போற்றுகின்றதல்லவா? இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் வெளிவந்த திருப்பலி நூலில் இடம்பெற்ற அச்செபம், யூதரின் இந்த உணவு ஆசிமொழிகளின் அமைப்பைப் பின்பற்றியதே.

கத்தோலிக்கராகிய நாம் தயங்கி நின்று பார்க்க வேண்டிய பகுதிக்கு இப்போது வந்திருக்கின்றோம். லித்துவேனியா கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் நாடு. அந்நாட்டு மக்கள் தங்கள் தேசிய உணவுகளுள் ஒன்றாகப் பெருமையுடன் பரிமாறுவது குகேலிஸ். பெயரே அதன் பிறப்பைச் சொல்லிவிடுகின்றது. துருவிய கிழங்கு, வெங்காயம், முட்டை எல்லாம் அப்படியே. ஆனால் அதில் பன்றி இறைச்சித் துண்டுகளும் அவற்றின் கொழுப்பும் சூடான பாலும் சேரும். மேலே புளித்த பாலேடும் வைப்பார்கள். யூதச் சட்டத்தின் இரண்டு தடைகளையும் ஒரே தட்டில் மீறிய கூகெல் அது! இதில் பழிக்க ஒன்றுமில்லை. வேலிக்கு இருபுறமும் வாழ்ந்த இரு குடும்பங்கள் ஒரே கிழங்கைத் துருவின என்பதற்கும், அடுத்த வீட்டு வாசனை வேலி தாண்டி வந்தது என்பதற்கும் அந்தத் தட்டே சான்று.

ஆனால் அந்த அடுத்த வீடு இன்று இல்லை. 1941ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜெர்மானியப் படை நுழைந்தபோது லித்துவேனியாவில் ஏறத்தாழ 2 இலட்சம் யூதர் இருந்தனர். போர் முடிவதற்குள் அவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கொல்லப்பட்டனர். ‘லித்துவேனியாவின் எருசலேம்’ என்று புகழ்பெற்ற வில்னியுஸ் நகரின் யூதர், அருகிலுள்ள பனேரியாய் காட்டின் குழிகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கு ஏறத்தாழ 70,000 யூதர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்டவர்களில் உள்ளூர்த் துணைப்படையினரும் இருந்தார்கள். திருமுழுக்குப் பெற்ற கைகள் அந்தத் துப்பாக்கிகளைப் பிடித்திருந்தன என்பதைச் சொல்லாமல் விட்டுக் கூகெலின் வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது. நகருக்கு வெளியே சிறு துறவற இல்லமொன்றில் தோமினிக் சபைத் தலைவியாக இருந்த அன்னை பெர்ட்ராண்டா, யூத இளைஞர் சிலரை மடத்துக்குள் ஒளித்து வைத்துக் காத்தார் என்பதும் அதே வரலாற்றின் பகுதிதான். அவரைப் போன்றோர் மிகச் சிலரே.

வில்னியுஸ் நகரில் பானியா லெவாண்டோ என்னும் பெண்மணி சைவ உணவகம் ஒன்றை நடத்தி வந்தார். 1938இல் இத்திஷ் மொழியில் ஒரு சைவச் சமையல் நூலை வெளியிட்டார். கூகெல் வகைகளும் அதில் உண்டு, பெருவாத்துக் கொழுப்பு இல்லாமல். அவரும் அவருடைய கணவரும் போருக்குத் தப்பவில்லை. நூலின் சில படிகள் மட்டும் தப்பின. அவற்றுள் ஒன்று, வில்னியுசில் 1925இல் தொடங்கப்பெற்றுப் பின் நியூயார்க்குக்குப் பெயர்ந்த யிவோ ஆய்வு நிறுவனத்தின் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டு, 2015இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. போலந்தின் லோட்ஸ் நகரத்து யூதச் சேரியிலோ, பசி முற்றிய நாள்களில் உருளைக்கிழங்குத் தோலைப் பெறுவதற்கும் மருத்துவரின் சீட்டு தேவைப்பட்டது. கிழங்கு அங்கே கனவாகிவிட்டது.

யூத மக்கள்மீது பொதுப்பழி சுமத்துவதை மறுத்து, அவர்களுடன் நமக்குள்ள உறவை நினைவுபடுத்திய வத்திக்கான் சங்கத்தின் அறிக்கை 1965ஆம் ஆண்டு அக்டோபர் 28 அன்று வெளிவந்தது. வில்னியுஸ் யூதச் சேரி அழிக்கப்பட்டதன் 75ஆம் நினைவு நாளாகிய 2018 செப்டம்பர் 23 அன்று, திருத்தந்தை பிரான்சிஸ் அவ்விடத்து நினைவுச் சின்னத்தின் முன் தலைகுனிந்து மௌனமாகச் செபித்தார். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

1881 முதல் 1914 வரை கிழக்கு ஐரோப்பாவை விட்டு ஏறத்தாழ 20 இலட்சம் யூதர் அமெரிக்கா சென்றிருந்தனர். அவர்களோடு கூகெலும் கப்பலேறியிருந்தது. அங்கே கோழிக் கொழுப்பின் இடத்தைத் தாவரக் கொழுப்பு டின்கள் பிடித்தன. கைத்துருவியின் இடத்தை மின்கருவி பிடித்தது. ஹசிதிம் பக்தர்களோ தங்கள் குருவின் ஓய்வுநாள் பந்தியில், அவர் கையால் பகிர்ந்து தரும் ஒரு துண்டுக் கூகெலுக்காக இன்றும் நெருக்கியடித்துக் கை நீட்டுகின்றனர். எருசலேமிலும் தெல் அவீவை அடுத்த பினே பிராக் நகரிலும் வியாழன் இரவே கடைகளில் கூகெல் தட்டுகள் அடுக்கப்படுகின்றன. மறைக்கல்வி மாணவர்கள் பாடம் முடிந்து, நள்ளிரவில் கூட்டமாக வந்து, ஓய்வுநாள் வரை பொறுக்காமல் வாங்கி நின்றபடியே உண்கிறார்கள்.